ராஜாங்கம் பெருக்குன ஏரோட்ரோம்

பாத்து ஏட்டய்யா, பாத்து! சுண்ணாம்பு இன்னும் காயல. பூட்ஸ் காலோட அதுமேல ஏறிடாதீங்க. இந்தாண்ட, பக்கெட்டுப் பக்கமா சுத்தி வாங்க. அந்த வெறும் எடத்துலயும் கால் வெக்காதீங்க, காலையில இருந்து குனிஞ்சி குனிஞ்சி பெருக்கி வெச்சிருக்கேன். இன்னா இதுங்களா? கோடுதாங்க. பிளேனு எறங்கணும்னா கோடு வேணாமா?

பிராது குடுத்தது தைலம்மாதானே? தெரியும். நெல்லு காய வெச்சிருந்துது, ஓரமாத் தள்ளிக்கோன்னேன். தப்பா? பிளேனு வந்து எறங்குனா அந்தக் காத்துக்கு ஒன் நெல்லு அம்புட்டும் கள்ளக்குறிச்சியில போயி உழும்னு நல்லதுக்குத்தான் சொன்னேன். அதுக்கு அது இன்னா சொல்லுச்சி தெரியுங்களா? உழட்டும், நெல்லு விக்கிற கமிட்டி அங்கதான இருக்குது, எனக்கு வண்டிக் கூலி மிச்சம்னுது. இவங்கள வெச்சிக்கினு நான் இன்னா பண்றது, சொல்லுங்க.

எழுதிக்கிங்க. பேரு ராஜாங்கம். ஊரு எலவனாசூர்கோட்டை பக்கம். குத்தம்... ஏரோட்ரோமப் பெருக்குனான்னு போடுங்க.

சிரிக்காதீங்க. எங்கப்பன் காலத்துல, அந்தப் பெரிய சண்டையப்ப வெள்ளைக்காரன் பிளேனு எறக்கப் போட்டது இது. சண்ட முடிஞ்சிது, அவன் போயிட்டான். நாப்பத்தஞ்சி வருசமா நாம நெல்லும் கேவுரும் காய வெச்சிக்கினு இருக்கோம். இப்ப ஈராக்கு சண்டைக்குப் போற அமெரிக்காக்காரன் பிளேனு மெட்ராஸ்ல எறங்கி பெட்ரோல் போட்டுக்கினு போவுதாம். டீக்கடையில பேப்பர் படிச்சாங்க. மெட்ராஸ்ல எடம் பத்தலன்னா எங்க வருவான்? இங்கதான வரணும்? போட்டது இங்கிலீஷ்காரன், வர்றது அமெரிக்காக்காரனா? அட, அவங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணுங்க. வழி சொல்லாமயா உட்ருவான்.

ஆமா, நடுவுல இருந்த வேலிகாத்தான் முள்ள வெட்டுனதும் நான்தான். மூணு நாளாச்சி, கையெல்லாம் பாருங்க. மரம் வெட்டுன கேசு எம்மேல ஏற்கெனவே ஒண்ணு இருக்குது, உங்களுக்குத் தெரியாததா? எம்பத்தேழுல ரிசர்வேஷன் கேட்டு ரோட்ட மறிச்சப்ப புளியமரத்தச் சாய்ச்சிப் போட்டோம். ஒரு வாரம் ஒரு பஸ்ஸு போவல. அன்னிக்கி இந்த முட்டியில லட்டியால போட்டது நீங்கதான். ஞாபகம் இல்லைங்களா? உடுங்க, முட்டிக்கு இருக்குது. அன்னிக்கி வழிய அடைக்க வெட்னேன், இன்னிக்கி வழிய தொறக்க வெட்றேன். ரெண்டுக்கும் நீங்களேதான் வர்றீங்க.

எதுக்குன்னு கேளுங்க. அந்த ரிசர்வேஷன் வந்துதா? வந்துது. எம் மவன் அன்புச்செல்வனுக்கு இன்டர்வியூ கார்டும் வந்துது. இன்னா வேல தெரியுங்களா? கண்டக்டரு! பஸ்ஸ மறிச்சவன் மவனுக்கு பஸ்ஸுலயே வேல. கும்புட்டு வாங்கிக்கினேன். ஆனா பையன் எங்க? சவூதியில. காத்துக்கினு இருந்தா வயசு போயிடும், கெளம்புடான்னு முக்கா காணிய வித்து நான்தான் அனுப்புனேன். அங்க ஏர்போர்ஸ் கேம்ப்புல பாத்திரம் கழுவறான். அமெரிக்காக்காரன் பிளேனெல்லாம் இப்ப அங்கதான் வந்து தங்கியிருக்குதாம். மண்ணு சவூதிக்காரனுது, பிளேனு அமெரிக்காக்காரனுது, சண்டை ஈராக்கு கூட. எச்சித் தட்டு மட்டும் எலவனாசூர்கோட்டைக்காரனுக்கு. ஒரு வேளைக்கு மூவாயிரம் தட்டாம். இங்க இருந்தப்ப அவன் துன்ன தட்ட அவன் கழுவி நான் பாத்ததில்லைங்க.

அதான் யோசன பண்ணேன். இங்க பெட்ரோல் போட்டுக்கினு அங்கதான போறான்? இந்தக் கார்ட அவங்கிட்ட குடுத்தா சமையக்கட்டுல போயி குடுத்துர மாட்டானா? திரும்பி வரும்போது குண்டெல்லாம் போட்டுட்டு பிளேனு காலியாத்தான வரும்? பையன ஒரு ஓரமா ஏத்தியாந்துரலாம். ஒக்கார எடம் இல்லன்னா நின்னுக்கினு வரட்டும். கண்டக்டர் வேலைக்குப் போறவன், நின்னு பழக வேணாமா?

தபால்லயா? போட்டேனே. ரெண்டு போட்டேன். பதிலு... வருங்க. சண்டை நேரம், முன்னப் பின்ன ஆவும். கார்த்திகையில அவன் கடுதாசி ஒண்ணு வந்துது. வரும், வரும்.

கார்டுங்களா? இந்தாங்க. பதமா பிரிங்க, மடிப்புல நைஞ்சி போச்சி. தேதியப் பாக்குறீங்களா. ஆமா. போன வியாழக்கெழமையே முடிஞ்சி போச்சி. எனக்குப் படிக்கத்தான் தெரியாது ஏட்டய்யா, காலண்டரு கிழிக்கத் தெரியும்.

பின்ன எதுக்கா? கார்டு கையில இருந்தா ஒரு காரியமா நிக்கிறான்னு இருக்கும். சும்மா வானத்தப் பாத்துக்கினு நின்னா பைத்தியம்பாங்க. பொங்கல் கழிச்சி ரேடியோவுல பையன் இருக்குற அந்த ஊரு பேரச் சொன்னான். குண்டு உழுந்துதுன்னான். எம் பொண்டாட்டி லட்சுமி எழுந்துபோயி ரேடியோவ நிறுத்தி, துணிப் பொட்டிக்குள்ள வெச்சி மூடிட்டுது. அன்னியிலருந்து எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. இன்னா பேசும்? நான்தான அனுப்புனேன். பயமா இருக்குது ஏட்டய்யா.

சுண்ணாம்புல போட்டிருக்கறது கோடு இல்லைங்க, எழுத்துதான். உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமில்ல, அந்தக் கோடியில இருந்து எழுத்துக் கூட்டிப் படிச்சிக்கினு வாங்க. எம் பொண்ணு மணிமொழி நோட்டுல எழுதிக் குடுத்துது, அத்தப் பாத்துப் பாத்து ஆளு ஒசரத்துக்கு நான் போட்டேன். அன்புச்செல்வன் இருக்கானான்னு கேட்டிருக்குது. அவ்ளோதான். பிளேனுக்காரன் எறங்குனா பேச எனக்கு பாஷ தெரியாது. எறங்காம மேலயே போனாலும் படிச்சிக்குவான் இல்லைங்களா.

அந்த வெறும் எடமா? அது அவன் பதில் எழுத உட்டது. பக்கெட்டுல பாதி சுண்ணாம்பு மீத்து வெச்சிருக்கேன்.