டோரீன் ஊற்றிய பிட்டருக்கு எத்தனை மார்க்

— மோந்து பாத்துட்டே இருக்கீங்களே மிஸ்டர் ஹோல்ராய்ட், எப்பதான் வாயில வைப்பீங்க?

— அவசரப்படாதீங்க டோரீன். அதாவது, முதல்ல மூக்கு, அப்புறந்தான் நாக்கு. முப்பத்தோரு வருஷமா பிட்டர் பீருக்கு இப்படித்தான் மார்க் போடறேன்.

— எங்க வீட்டுக்காரர் லென் இருந்தா இந்நேரம் பாதி கிளாஸ் காலியாயிருக்கும்.

— அவர் பப் நடத்தினவர். நான் பீர் ருசிக்கறவங்க சங்கத்துலேர்ந்து தீர்ப்பு சொல்ல வந்தவன். இருங்க, ஜன்னல் பக்கம் போறேன். இந்தக் குளிர்காலத்துல மத்தியானம் ரெண்டு மணிக்கே இப்படி இருட்டிட்டு வருது, நிறமே தெரியல... ம். செம்புப் பாத்திரத்தைத் தேய்ச்சு வச்ச மாதிரி இருக்கு.

— கலங்கல் இல்லையே?

— துளிகூட இல்ல. கிளாஸ் வழியா எதிர்த்தாப்ல சர்ச்சு கோபுரம் தெரியுது.

— வினிகர் வாடை? நல்லா பாத்துச் சொல்லுங்களேன்.

— பிஸ்கட் வாசனைதான் வருது. அதாவது, அடுப்புலேர்ந்து அப்பதான் எடுத்த பிஸ்கட். பின்னாடி கொஞ்சம் ஆரஞ்சுத் தோல். ஏம்மா, குத்தம் இருக்கணும்னு வேண்டிக்கிட்ட மாதிரி கேக்கறீங்க?

— குடிங்க, அப்புறம் சொல்றேன்... என்ன, கண்ணை மூடிட்டீங்க?

— ஒரு நிமிஷம் பேசாம இருங்க... முதல்ல பார்லி மால்ட்டோட இனிப்பு. இனிப்புதான்னு நாக்கு நினைக்கும்போது கசப்பு மெதுவா ஏறுது. முழுங்கினப்புறமும் தொண்டையை விட்டுப் போகல. சில்லுனு மரத்துப் போகாம, நிலவறைக் குளிர்ச்சி எவ்வளவு வேணுமோ அவ்வளவு இருக்கு. பீப்பாய்லேர்ந்து வர்ற குழாயை யார் கழுவறது?

— நான்தான். லென் போனதுலேர்ந்து வாராவாரம் தவறினதில்ல. இந்த முட்டியை வச்சுக்கிட்டு நிலவறைக்குப் பதினாலு படி இறங்கி ஏறறேன்.

— தெரியுது. கழுவாத குழாயை முதல் வாயிலேயே கண்டுபிடிச்சிருவேன்.

— அப்ப குத்தமே இல்லையா?

— இல்ல.

— இன்னொரு வாய் குடிச்சுப் பாருங்களேன்.

— டோரீன், விஷயம் என்னன்னு சொல்லுங்க.

— இந்தக் கட்டடம் எங்களுதில்ல, பீர் கம்பெனியோடது. ஆகஸ்ட்ல ஒரு ஆளை அனுப்பினாங்க. முப்பது வயசு இருக்கும். எலுமிச்சை சோடா கேட்டு வாங்கிக் குடிச்சான், பிட்டரைத் தொடக்கூட இல்ல. லென் இருந்தவரைக்கும் கூட்டம் இருந்துச்சாம், இப்ப பீரோட தரம் இறங்கிப்போச்சுன்னு ஜனங்க சொல்றாங்களாம். யார் சொன்னதுன்னு கேட்டேன். பொதுவா சொல்றாங்கன்னான்.

— அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?

— சோடா கிளாஸை எடுத்துக் கழுவி வச்சேன். ஆனா அன்னைலேர்ந்து எனக்கே சந்தேகம் வந்துருச்சு. நாப்பது வருஷமா இந்த ருசியிலயே ஊறின நாக்கு எனக்கு. அதை எப்படி நம்பறது? நான் பொறுப்பெடுத்தப்புறம்தான் கெட்டுப்போச்சோன்னு படுத்தாத் தூக்கம் வரல. அதான் ஒரு ஆளை அனுப்புங்கன்னு சங்கத்துக்குக் கடுதாசி போட்டேன்.

— பிட்டர் மேல தப்பில்ல, உங்க மேலயும் இல்ல. அதாவது, சாவு விழுந்த இடத்துல என்ன பேசறதுன்னு ஜனங்களுக்குத் தெரியாது. ஒரு வாரம் தள்ளிப் போடுவாங்க, அப்புறம் வரவே கூச்சமாயிரும். என் மனைவி போனப்ப, என்னைப் பாத்ததும் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்குப் பின்னாடி குனிஞ்சுக்கிட்டார்.

— குனிஞ்சுக்கிட்டாரா?

— களை புடுங்கற மாதிரி. பனி உறைஞ்ச ஜனவரி மாசத்துல.

— இங்கயும் லென்னோட கூட்டாளிங்க எல்லாரும் எதிர்ப்பக்கத்து நடைபாதையிலதான் போறாங்க... சரி, எத்தனை மார்க்?

— அஞ்சுக்கு அஞ்சு. இத்தனை வருஷத்துல மூணு பேருக்குத்தான் கொடுத்திருக்கேன்.

— அதை எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுக் கொடுங்க.

— இருங்க, பேனாவை எடுக்கறேன்... ம்.

— ஏன், பேனா எழுதலையா?

— பேனா எழுதும். அதாவது... ஹாலிஃபாக்ஸ்லேர்ந்து பஸ்ல வரும்போதே சொல்லிரணும்னு நினைச்சேன். இந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்ல டோரீன். எங்க சங்கத்துல கடைசியா நாலு பேர் இருந்தோம். ரெண்டு பேர் செத்துப்போயிட்டாங்க, ஒருத்தர் மகளோட ஸ்பெயினுக்குப் போயிட்டார். மார்க் போடறது, பரிசு கொடுக்கறது எல்லாம் நின்னு ரெண்டு வருஷமாச்சு. சங்கத்து விலாசம் என் வீட்டு விலாசம்தான். உங்க கடுதாசியைப் பிரிச்சதும் நான்தான், பதில் போட்டதும் நான்தான்.

— பின்ன எதுக்கு இந்த மார்க் போடற காகிதமெல்லாம் தூக்கிக்கிட்டு அலையறீங்க?

— பப்ல ஒரு கிழவன் மூலையில தனியா உக்காந்திருந்தா எல்லாரும் பாவமா பாப்பாங்க. கையில காகிதம் இருந்தா, ஏதோ வேலையா வந்திருக்கான்னு விட்டுருவாங்க... உங்களுக்கு நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். கம்பெனிக்காரன்கிட்ட இதைக் காட்டினா சிரிப்பான்.

— அவன்கிட்ட காட்டறதுக்கு இல்ல, எனக்குத்தான். முழுப்பேரையும் எழுதுங்க. கடையைப் போன ஞாயித்துக்கிழமையே ஒரேயடியா மூடியாச்சு மிஸ்டர் ஹோல்ராய்ட். அந்தப் பீப்பாயை உங்க ஒருத்தருக்காகத்தான் திறந்தேன்.