பன்னி விரட்டற மிஷின்

நிவேதா: ஐயோ! இன்னாங்க அது, டமால்னு? மிஷின் கத்த ஆரம்பிச்சுடுச்சா?

குணசீலன்: அது கத்தல நிவேதா... நான்தான் மண்டையில ஒண்ணு போட்டேன்.

நிவேதா: உங்க மண்டையிலயா?

குணசீலன்: மிஷின் மண்டையில! பழைய டிவி எல்லாம் தட்டினா எரியும் இல்ல... அந்த மாதிரி.

நிவேதா: வூட்டுக்கு வந்து மூணு நாள் ஆகல. அதுக்குள்ள அடியா?

குணசீலன்: சுவிட்ச் போட்டா சிவப்பு லைட் எரியணும். எரிய மாட்டேங்குதே! முந்தாநாள் பெட்டியைப் பிரிச்சேன், கரண்டு இல்ல. நேத்து பூரா நான் செங்கத்துல. இன்னிக்குத்தான் முதல் தடவையா சுவிட்ச் போடறேன்... செத்த மாதிரி கிடக்குது. இன்னொரு தட்டு தட்டினா...

தேவராஜ்: டேய் டேய், கையை எடு! பைக்கை நிறுத்தறதுக்குள்ள தெரு முனை வரைக்கும் சத்தம் கேட்குது.

நிவேதா: வாங்கண்ணா, உட்காருங்க. மைக் செட் கடை வெச்சிருக்கறவரு, நீங்களே இதுக்கு ஒரு வழி சொல்லுங்க. சாமை வயல்ல பாதியைக் காட்டுப் பன்னி தின்னுட்டுது. மீதியாவது தேறட்டும்னு, பன்னி விரட்டற மிஷின்னு சொல்லி இதை வாங்கியாந்தாரு.

தேவராஜ்: இன்னா மிஷினு?

குணசீலன்: பன்னி விரட்டற மிஷின்ணா! நீதானே எனக்குச் சொன்னே! மறந்துட்டியா? நீதானே!

தேவராஜ்: நானா... ஆங்! ஆமா ஆமா. பன்னி. பன்னி மிஷின். நல்ல கம்பெனி.

நிவேதா: பெட்டி மேல கிட்டார் படம் போட்டிருக்குதேண்ணா?

தேவராஜ்: அது... குணா, அது இன்னாடா?

குணசீலன்: கம்பெனி மார்க்கு. தீப்பெட்டி மேல சிங்கம் போட்டிருக்கறான். திறந்தா உள்ள சிங்கமா இருக்குது?

நிவேதா: அதுவும் சரிதான். மேல இத்தினி திருகு இருக்குதே, எது எதுக்குண்ணா? இது பேஸ்னு போட்டிருக்குது...

தேவராஜ்: அது பெரிய பன்னிக்கும்மா. கனமான சத்தத்துக்குத்தான் அது பயப்படும்.

நிவேதா: ட்ரெபிள்?

தேவராஜ்: குட்டிக்கு.

நிவேதா: ரீவர்ப்?

குணசீலன்: அதைத் திருப்பினா ஒரு ஆள் கத்தறது பத்து ஆள் கத்தற மாதிரி கேட்கும். மலைக்குன்னே செஞ்சது.

நிவேதா: ஓவர் டிரைவ்னு ஒரு பட்டன் இருக்குதே?

குணசீலன்: சாதாரணமா விரட்டினா நம்ம வயலை விட்டு ஓடும். அதை அமுக்கினா ஊரை விட்டே ஓடும்.

நிவேதா: இந்த ஓட்டைக்குப் பக்கத்துல ஹெட்போன்னு எழுதியிருக்குது. பன்னி ஹெட்போன் மாட்டிக்குமா?

குணசீலன்: காவலுக்கு இருக்கற ஆளுக்குத்தான்! சத்தத்துல நம்ம காது போயிடக்கூடாது இல்ல...

தேவராஜ்: எல்லாத்தையும் யோசிச்சுத்தான் செஞ்சிருக்கான்மா.

நிவேதா: வயல்ல கரண்டு கிடையாதே. அதை யோசிச்சானா?

குணசீலன்: இங்க இருந்து ஒயர் இழுத்துடலாம்.

நிவேதா: ஓடையைத் தாண்டியா?

குணசீலன்: ...நீளமான ஒயரு.

நிவேதா: சரிதான். முதல்ல இது வூட்ல எரியட்டும். இருங்க, டீ வெச்சுட்டு வர்றேன்.

தேவராஜ்: டேய் குணா, இன்னாடா இது...

குணசீலன்: மெதுவா பேசுண்ணா. அடுப்பாங்கரை வரைக்கும் கேட்கும்.

தேவராஜ்: கிட்டாருக்குச் சத்தம் ஏத்தற ஆம்ப்பைப் பன்னி மிஷின்னு சொல்லி வெச்சிருக்கியா?

குணசீலன்: வேற இன்னா சொல்றது? கல்யாணத்துக்கு முன்னாடி மாமனார் கேட்டாரு, இனிமே கிட்டாரைத் தொட மாட்டேன், ஆர்கெஸ்ட்ரா பக்கம் போக மாட்டேன்னு கற்பூரம் அணைச்சு சொல்லுன்னு. அணைச்சேன். பொண்ணு அப்படியே அப்பன் மாதிரி. தெரிஞ்சா அன்னிக்கே பெட்டியைத் தூக்கிட்டு அம்மா வூட்டுக்குப் போயிடுவா.

தேவராஜ்: கிட்டாரை எங்க வெச்சிருக்கே?

குணசீலன்: போன வருஷத்து சாமை மூட்டைக்குப் பின்னாடி.

தேவராஜ்: சாமை எடுக்க அவ அங்க வர மாட்டாளா?

குணசீலன்: நான்தான் எடுத்துக் குடுக்கறேன், ஆடி மாசத்துல இருந்து. வூட்டு வேலைக்கு உதவற புருஷன்னு பக்கத்து வூட்டு மங்கம்மாக்கா வரைக்கும் பேரு வாங்கிட்டேன்.

தேவராஜ்: அப்ப எங்கதான்டா பழகறே?

குணசீலன்: வயல் காவலுக்குப் போறேன் இல்ல... அங்கதான். கண்ணை மூடி வாசிச்சா உலகமே தெரியாதுண்ணா. பன்னியும் தெரியல.

தேவராஜ்: அடப்பாவி! அப்ப பாதி வயல் போனது...

குணசீலன்: என்னாலதான். கூட்டமா வந்து நிதானமா தின்னுட்டுப் போயிருக்குதுங்க.

தேவராஜ்: பாட்டோட சாப்பாடு. எந்தப் பன்னி எழுந்திரிக்கும்? இங்க பாரு குணா... ஞாயித்துக்கிழமை சந்தவாசல்ல கல்யாண ரிசப்ஷன், என் ஆர்கெஸ்ட்ராதான் வாசிக்குது. என் கிட்டார்காரன் பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டான். செங்கத்துல ஒரு பையன் சொந்த ஆம்ப்போட ரெடியா நிக்கறான். சாயங்காலத்துக்குள்ள அவனுக்கு நான் பதில் சொல்லணும். இது எரியலன்னா அவனைத்தான் கூப்பிட முடியும். அப்புறம் என் மேல கோவிச்சுக்கக்கூடாது.

குணசீலன்: வேணாம்ணா! மூணு வருஷம் கழிச்சு ஒரு மேடை... எப்படியாவது எரிய வெச்சுடலாம். கம்பெனிக்கு போன் போட்டுப் பார்ப்போமா?

தேவராஜ்: போடணும்னா கோயில் பாறை மேல ஏறணும், டவர் அங்கதான். ஏறி நின்னா, 'லைட் எரியுதா பாருங்க சார்'ம்பான். அதைப் பார்க்கத் திரும்ப இறங்கணும்...

நிவேதா: இந்தாங்க டீ. எங்கண்ணா இறங்கணும்?

தேவராஜ்: வேலையிலம்மா! வேலையில இறங்கணும்னு சொல்லிட்டு இருந்தேன்.

குணசீலன்: நிவேதா, அது இன்னா, இடது கையில நாலு விரல்லயும் பிளாஸ்திரி?

நிவேதா: களை புடுங்கினேன். முள்ளு குத்திச்சு.

குணசீலன்: நாலு விரல்லயும் வரிசையாவா?

நிவேதா: ஒழுங்கான முள்ளு. நீங்க மிஷினைப் பாருங்க.

தேவராஜ்: கூட வந்த புஸ்தகத்துல இன்னா போட்டிருக்கறான்?

குணசீலன்: பதினோரு பாஷையில போட்டிருக்கறான். லைட் எரியலன்னா கரண்டு இருக்குதான்னு பாருன்னு.

தேவராஜ்: பார்த்துடுவோம். டெஸ்டர் வெச்சா... எரியுது. பிளக்குல கரண்டு இருக்குது. அப்ப ஒயரு...

நிவேதா: ரைஸ் குக்கர் ஒயரும் இதே மாதிரி மூணு ஓட்டைதாண்ணா. மாத்திப் போட்டுப் பாருங்களேன்.

குணசீலன்: நீ சும்மா இரு நிவேதா, இது உனக்குப் புரியாது...

தேவராஜ்: அவளுக்குப் புரியுது, உனக்குத்தான் புரியல. குக்கரைத் தூக்கியாம்மா. மிஷின் ஒயரைக் குக்கருக்குப் போடறேன்... பாரு, எரியுது! ஒயரு நல்லா இருக்குது.

குணசீலன்: அப்ப இதை வெச்சு சோறு மட்டும் ஆக்கலாம். சந்தவாசல்ல இருந்து ஜீப்பு மேல, வழியெல்லாம் மடியில புள்ள மாதிரி புடிச்சுக்கிட்டு வந்தேனே...

நிவேதா: ஜீப்பு மேலயா, மடியிலயா?

குணசீலன்: ஜீப்பு மேல நான், என் மடியில அது!

தேவராஜ்: புலம்பாம பின்பக்கம் திருப்பு. ஸ்குருவைக் கழட்டினா கேரண்டி போயிடும். கழட்டாமலே ஏதாவது...

நிவேதா: ஒயர் சொருகற இடத்துக்குக் கீழ ஒரு கோடு தெரியுதே, சின்ன டிராயர் மாதிரி. அது இன்னாண்ணா?

தேவராஜ்: எங்க... அட! ஃபியூஸ் போடற இடம்! இருபது வருஷமா மைக் செட் பார்க்கறேன், என் கண்ணுல படல. நெம்பறதுக்கு மெல்லிசா ஏதாவது குடு. என் ஸ்குரு டிரைவர் பெருசு.

நிவேதா: இந்தாங்க, ஊக்கு.

குணசீலன்: தாலிக் கயித்துல இருந்தா எடுத்தே?

நிவேதா: வேற எங்க மாட்டி வெக்கறது? உங்க பன்னிக்குன்னு வாங்கினதுக்கும் அதுதான் கை குடுக்குது.

தேவராஜ்: வந்துடுச்சு... இதோ பாரு. கண்ணாடிக் குழாய் உள்ள கருகிக் கிடக்குது. ஃபியூஸ் போயிருக்குது, அவ்வளவுதான். பக்கத்துலயே ஸ்பேர் ஒண்ணு வெச்சிருக்கான், நல்லவன். மாத்தியாச்சு... குணா, சுவிட்ச் போடு.

குணசீலன்: போட்டேன்... எரியுது! அண்ணா, எரியுது! சிவப்பு லைட்டு! ஞாயித்துக்கிழமை நான்தாண்ணா!

நிவேதா: ஞாயித்துக்கிழமை இன்னா?

குணசீலன்: ஞாயித்துக்கிழமை... பன்னி ஜாஸ்தியா வரும்.

நிவேதா: அதுங்களுக்கு லீவு நாளா?

தேவராஜ்: டீ நல்லா இருந்துச்சும்மா. நான் அப்படியே கிளம்பறேன்...

நிவேதா: உட்காருங்கண்ணா. இவ்வளவு பாடுபட்டு எரிய வெச்சீங்க, அது எப்படிக் கத்துதுன்னு கேட்டுட்டுப் போங்க. இன்னாங்க, கத்தச் சொல்லுங்க.

குணசீலன்: அது... தானா கத்தாது நிவேதா. ஒரு ஒயரைச் சொருகணும்.

நிவேதா: சொருகுங்க.

குணசீலன்: அந்த ஒயரோட இன்னொரு முனையில...

நிவேதா: முனையில?

குணசீலன்: ...அண்ணா, நீ சொல்லேன்.

தேவராஜ்: என்னால ஆகாதுடா. தாலிக் கயித்து ஊக்கு இன்னும் என் கையில இருக்குது. இதைப் புடிச்சுக்கிட்டுப் பொய் சொல்ல எனக்கு வாய் வரல.

குணசீலன்: நிவேதா... வந்து... இது பன்னி மிஷின் இல்ல.

நிவேதா: ம்.

குணசீலன்: கிட்டாருக்குப் போடற ஆம்ப். கிட்டாரை நான் விடல. உங்கப்பா முன்னாடி கற்பூரம் அணைச்சதெல்லாம் பொய். வயலைப் பன்னி தின்னப்ப, தூங்கிட்டேன்னு சொன்னேன் இல்ல... தூங்கல. வாசிச்சுட்டு இருந்தேன்.

நிவேதா: ம்.

குணசீலன்: ஞாயித்துக்கிழமை அண்ணன் ஆர்கெஸ்ட்ராவுல ஒரு சான்ஸ் இருக்குது. எனக்கு ரொம்ப ஆசைதான். ஆனா உனக்குப் பிடிக்கலன்னா ஒரு வார்த்தை சொல்லு போதும். செங்கத்துப் பையனே வாசிக்கட்டும். இதைத் திருப்பி அனுப்பிடறேன். நீ அம்மா வூட்டுக்கு மட்டும் போயிடாதே.

நிவேதா: ம்ம்.

குணசீலன்: ஏதாவது பேசு நிவேதா. திட்டவாவது திட்டு.

தேவராஜ்: ஒரு நிமிஷம் இருங்க. உங்க பஞ்சாயத்து அப்புறம். எனக்கு ஒண்ணு இடிக்குது.

குணசீலன்: இப்ப இன்னாண்ணா?

தேவராஜ்: சும்மா உட்கார்ந்திருக்கற மிஷின்ல ஃபியூஸ் போகாது. ஓடிட்டு இருக்கறப்ப கரண்டு எகிறினாத்தான் கருகும். நேத்து மூணு மணிக்கு மலை பூரா கரண்டு எகிறிச்சு. என் கடையில ரெண்டு பல்பு போச்சு.

குணசீலன்: நேத்து மூணு மணிக்கு நான் செங்கத்துல இருந்தேனே!

தேவராஜ்: அதைத்தான் கேட்கறேன். வால்யூம் ஏழுல நிக்குது. ஓவர் டிரைவ் பட்டன் வேற அமுங்கியிருக்குது. நேத்து இந்த வூட்ல யாரு இருந்தது?

குணசீலன்: நிவேதா... பன்னி ஏதாவது வந்து, விரட்டலாம்னு நீ சுவிட்ச் போட்டியா?

நிவேதா: பன்னி எங்க வந்துச்சு! ஞாயித்துக்கிழமைக்குன்னு நீங்க நோட்டுல எழுதி வெச்சிருக்கற அஞ்சு பாட்டுல நாலு எனக்கு வந்துடுச்சுங்க... அஞ்சாவது வாசிக்கறப்பதான் பட்டுனு நின்னு போச்சு.