பித்தப்பையும் அறுபதாம் கல்யாணமும்

— ஆபரேஷனுக்குப் பேஷண்ட் சம்மதிக்கலைன்னு போட்டிருக்கு. ஏன்னா, யாரு அந்தப் பேஷண்ட்? நான்தானே?

— கல்பகம், ஆஸ்பத்திரி ஃபைலை எதுக்கு இப்போ கிளறிண்டிருக்கே?

— நான் எப்போ சம்மதிக்கலை? வாய் வழியா குழாயை விட்டுப் பித்தநாளத்துல அடைச்சிண்டிருந்த கல்லை எடுத்துண்டிருந்தா. மயக்க மருந்துல கட்டையாட்டம் கிடந்தேன்.

— டாக்டர் வெளியில வந்து கேட்டார். நான் நின்னுண்டிருந்தேன். அவளுக்குப் பயம், அப்புறம் பாத்துக்கலாம்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

— எனக்கா பயம்? ரெண்டு நாள்ல பித்தப்பையையும் எடுத்துடலாம்னு எங்கிட்ட சொல்லியிருந்தார். கண்ணை முழிச்சா டிஸ்சார்ஜ்ங்கறேள். டாக்டரே வேண்டாம்னுட்டார்னு ஒரு பொய் வேற. மூணு வாரமா நம்பிண்டிருந்தேன்.

— நான் சொல்றதைக் கேளு. கல்லு வந்துடுத்து, காமாலையும் இறங்கிடுத்து. அப்புறம் என்ன அவசரம்?

— கல்லு உண்டாற பை உள்ளேயேதானே இருக்கு. இன்னொண்ணு நழுவி அடைச்சா திரும்பவும் முதல்லேர்ந்தா?

— வயத்துல தையலோட மணையில எப்படி உக்காருவே? என் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருமுல்கேரி மண்டபம் கிடைச்சதே பெரிசு. பாதி ஆபீஸ் வரது. மெட்ராஸ்காரா டிக்கெட் போட்டாச்சு.

— அன்னிக்கே பண்ணியிருந்தா இதுக்குள்ள ஆறியிருக்கும். என் உசிரைவிட உங்க மணை ஒசத்தியாப் போச்சு.

— அப்படி இல்லேடி. தாலி கட்டிக்க நீ வேணுமோன்னோ?

— காலம்பற முதுகு வரைக்கும் குத்தித்து. அதான் டாக்டருக்குப் போன் பண்ணினேன். நீங்கதானேம்மா வேண்டாம்னேள்னு தெலுங்குல திருப்பிக் கேட்டார். வெக்கம் பிடுங்கித் தின்னுடுத்து எனக்கு. முப்பத்தஞ்சு வருஷமா வாயில்லாதவளா நான்?

— இன்னும் பத்தே நாள், பல்லைக் கடிச்சுக்கோ. ஃபங்ஷன் முடிஞ்ச மறுநாளே நானே அட்மிட் பண்றேன். ஹவ்வா, சரிதானே?

— நக்கோ, வேண்டவே வேண்டாம். நாளைக்குக் கார்த்தால அட்மிஷன். மெட்டுகுடாலேர்ந்து என் தங்கை மாதங்கி துணைக்கு வரா. கையெழுத்தை நானே போட்டுக்கறேன்.

— நாளைக்கா? வாத்தியாருக்கும் வரவாளுக்கும் நான் என்னன்னு சொல்றது?

— நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். மத்தியானமே நான் எல்லாருக்கும் சொல்லியாச்சு. பொண்ணை ஒரு வார்த்தை கேக்காம நாள் குறிச்சுட்டா, அதனால கல்யாணம் நின்னுடுத்துன்னு.