சந்துப் பலகையில ஒரு இனிஷியல்

அந்த முதல் எழுத்தை மட்டும் போடாதீங்க பெயிண்டரே. பேரு சரிதான், முன்னாடி இருக்கிற இனிஷியல்தான் தப்பு. நீங்க பயப்படாம நில்லுங்க, ஏணியை நான் புடிச்சுக்கிறேன்.

முனிசிபல் ஆபீஸ்ல குடுத்த தாள்ல கானான்னுதான் இருக்கா? இருக்கும். அந்தப் பேர்ல அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே ஆளு மில் முதலாளி. பாலம் அவர் பேரு, பஸ் ஸ்டாப் அவர் பேரு, பள்ளிக்கூடம் அவர் பேரு. ஆஸ்பத்திரியில பொணம் வைக்கிற ரூமுக்கும் அவர் பேருதான், அது ஒண்ணுதான் பொருத்தம். சிரிக்காதீங்க, கோடு வளையும்.

இந்தச் சந்து மட்டும் அவரோடது இல்ல. அவர் மில்லுல நூல் சுத்தினவனோடது. அதே பேரு, வேற அப்பன். வேலைநிறுத்தத்துல போலீஸ் புடிச்சிட்டுப் போச்சு, பொணமாத்தான் திரும்பி வந்தான். இந்தப் பலகைக்கு ஆறு வருஷம் மனு குடுத்தவன் நான். எல்லா மனுவுலயும் வெறும் பேருதான் எழுதினேன். தோழனுக்கு எதுக்குய்யா அப்பன் எழுத்துன்னு மேடையில வேற முழங்கினேன். நான் காலியா விட்ட இடத்துல முதலாளி வந்து சம்மணம் போட்டு உக்காந்துட்டார்.

இல்லீங்க, உக்கார மாட்டேன். உக்காந்தா கால் நமநமங்குது. ஏணி ஆடுதா? இதோ, இறுக்கிப் புடிச்சுட்டேன்.

மானா போடுங்க. அவன் அப்பா பேர் அதுலதான் ஆரம்பிக்கும். தப்பா இருக்காது. மில் கேட்டுல எங்க ரெண்டு பேரையும் அந்த எழுத்தை வெச்சுத்தான் பிரிச்சுக் கூப்பிடுவாங்க.

ஆமா, எனக்கும் அதே பேருதான்.

அன்னிக்கு இன்ஸ்பெக்டர் கேட்டுல நின்னு வெறும் பேரைத்தான் கூப்பிட்டார். வேலைநிறுத்த நோட்டீஸ் எழுதினவன் வெளிய வான்னார். எந்த இனிஷியல்னு கேக்க வாயெடுத்தேன், வரல. அவன் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டு, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போனான். அவனுக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது பெயிண்டரே.

என் இனிஷியல் எதுக்கு உங்களுக்கு? மானா போடுங்க. நல்லாப் பெருசா.