முதுகின் அழகியல்

டீயில் சர்க்கரை சற்றுக் கூடுதல்தான். ஆனாலும் இந்தச் சாரலுக்கு இதமாக இருக்கிறது. நன்றி, மேடம். ஏட்டையா எழுதத் தயார் என்றால் தொடங்கிவிடலாம்.

என் பெயர் சிவசைலம். தென்காசியில் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் நடத்துகிறேன். போன மாதம் இங்கே குற்றாலத்தில் பாறையிலிருந்து விழுந்து இறந்த இயக்குநர் ஆறுமுகநயினாரைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். அவருடைய ‘நனைந்த படிக்கட்டு’ படத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அதில் குற்றமில்லை, வெளிவந்தபோதே யாரும் பார்க்கவில்லை. எனக்கு அதைவிடப் பிடித்த படம் உலகத்திலேயே கிடையாது.

அதன் கடைசிக் காட்சியை மட்டும் சொல்கிறேன். கணவன் கேரளாவுக்கு வேலைக்குப் போகிறான். மனைவி படிக்கட்டில் உட்கார்ந்து அவன் போவதைப் பார்க்கிறாள். கேமரா அசையாது. இசை கிடையாது, மழைச் சத்தம் மட்டும். நமக்குத் தெரிவது அவள் முதுகுதான். முகத்தைக் கடைசிவரை காட்டவே மாட்டார். அதற்குப் பிறகு அவர் எடுத்த எல்லாப் படங்களிலும் துக்கம் வந்தால் மனிதர்கள் திரும்பிக்கொள்வார்கள். அது அவருடைய கையெழுத்து. ‘முதுகின் அழகியல்’ என்ற என் முனைவர் பட்ட ஆய்வு முழுக்க அதைப் பற்றியதுதான்.

வாழ்க்கையிலும் அதைக் கடைப்பிடித்தவன் நான். என் மனைவி இசக்கிச்செல்வி பெட்டியோடு வீட்டைவிட்டுப் போனபோது வாசலில் அசையாமல் நின்று பார்த்தேன். கேட் பக்கத்தில் வெகுநேரம் நின்றாள். நல்ல மாலை வெளிச்சம். ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள் என்று அவள் தம்பி இன்றும் சொல்லித் திரிகிறான். கூப்பிட்டிருந்தால் அந்தக் காட்சியே கெட்டுப்போயிருக்கும்.

ஆறுமுகநயினார் அண்ணாச்சி சீசன் தவறாமல் குற்றாலம் வருவார். இந்த முறை லாட்ஜ் வராந்தாவில், குளிக்கப் போவதற்கு முன் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு தயாரிப்பாளர் அந்தப் படத்தைத் திரும்ப வெளியிடப்போவதாகச் சொன்னார். நான் மகிழ்ந்தேன். அவர் மேலும் சொன்னார்.

“வயலின் சேக்குதோம்லே. அந்த முதுகு சீனப் பாதியா வெட்டியாச்சு. அவ அழுத மூஞ்சிய குளோசப்புல போடுதோம்.”

முகம் ஏது என்று கேட்டேன்.

“அன்னைக்கு அந்தப் பிள்ளைக்கு மெட்ராஸ் ஐ. கண்ணு ரெண்டும் கோவப்பழமா செவந்து கெடக்கு. அதான் திருப்பி உக்கார வச்சேன். ஒரு வாரங் கழிச்சு மூஞ்சியவும் எடுத்தேன். அந்த பிலிம் பெட்டி எங்கயோ மாறிப்போயி இப்பதான் கெடச்சிருக்கு.”

கேமரா ஏன் அசையவில்லை? கேமராவை நகர்த்தும் டிராலியை ஏற்றிவந்த வண்டி செங்கோட்டையில் பழுதாகி நின்றுவிட்டதாம். இசை? இசையமைப்பாளர் கோபித்துக்கொண்டு போய்விட்டாராம்.

“பேப்பர்க்காரனுவ ஆகா ஓகோன்னு எழுதிட்டானுவ. நீயுந்தான எழுதுன? பொறவு எப்படி விடதுக்கு? எல்லாப் படத்துலயும் எல்லாரையும் திருப்பி உக்கார வச்சேன்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். “இதையெல்லாம் யூடியூப் பேட்டியில சொல்லப்போறேன். சிரிப்பா இருக்கும்லா?”

எனக்குக் கோபம் வரவில்லை, மேடம். படைப்பாளியைவிடப் படைப்பு பெரிது என்று முதலாமாண்டு மாணவர்களுக்கே பாடம் எடுக்கிறேன். அந்தப் படைப்புக்குப் படைப்பாளியாலேயே ஆபத்து வந்தால், அதை முழுதாகப் புரிந்துகொண்ட ஒருவன் பொறுப்பேற்கத்தான் வேண்டும். அந்த ஒருவன் தமிழ்நாட்டில் நான் மட்டும்தான். தற்பெருமைக்குச் சொல்லவில்லை, வேறு யாரும் அதில் ஆய்வு செய்யவில்லை.

மறுநாள் காலை, புதிய டிரெய்லருக்கு ஏற்ற இடம் ஒன்று மேலே இருக்கிறது என்று அழைத்துப் போனேன். பாறை விளிம்பில் நின்று, இரண்டு கை விரல்களாலும் கேமராவுக்குப் போலச் சட்டம் கட்டிப் பள்ளத்தைப் பார்த்தார். வெள்ளை வேட்டி, கீழே புகைபோல நீர்த்திவலை. எனக்கு முதுகைக் காட்டி நின்றார். அவர் எடுத்த எந்தக் காட்சியும் அவ்வளவு அழகாக அமைந்ததில்லை. ஒரு கையால் தள்ளினேன். அதுவே போதுமானதாக இருந்தது.

முழுக்க விழவில்லை. ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார்.

“ஏலே சிவசைலம், கையக் குடுலே. கையக் குடு.”

அவருடைய பாத்திரங்கள் யாரும் இப்படிக் கெஞ்சியதில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. தவிர, அது குளோசப். அவர் முகம் மறையும்வரை பின்னால் நகர்ந்து நின்றேன். கொஞ்ச நேரம் குரல் கேட்டது. பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

வழுக்கி விழுந்துவிட்டார் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். தயாரிப்பாளர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். ஆனால் படத்தை நிறுத்தவில்லை. அண்ணாச்சி வெட்டிச் சேர்த்ததை அப்படியே, அவருக்கு அஞ்சலி என்று போன வெள்ளிக்கிழமை வெளியிட்டுவிட்டார். தென்காசியில் அரங்கு நிறைந்த காட்சி.

படம் தொடங்குவதற்கு முன் திரையில் ‘எதிர்பாராத விபத்தில் மறைந்த’ என்று போடுகிறார்கள். அது தகவல் பிழை. ஓர் ஆய்வாளனாக அதைத் திருத்துவது என் கடமை. நான் இங்கே வந்திருப்பதற்கு அது ஒன்றுதான் காரணம். மனசாட்சி, தூக்கமின்மை என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள்.

கடைசிக் காட்சியில் அந்தப் பெண் திரும்பினாள். வயலின் வந்தது. மலிவான உத்தி, மேடம். பக்கத்து இருக்கையில் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவர் இருந்தார். விளக்குப் போட்டதும் தன் துண்டை என்னிடம் நீட்டினார்.

“தொடச்சுக்கிடுங்க சார். படந்தான, இதுக்குப் போயி இப்படித் தேம்பித் தேம்பி அழுவாவளா?”

அவருக்குத் தெரியாது. அந்தத் தியேட்டரில் ஏசி ஒழுகுகிறது. ஏட்டையா, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.