மூடியில்லாத தொட்டியும் முன்வந்து நின்ற பெண்ணும்

தாயாய்க் கண்டித்தும் தமக்கையாய்க் காத்தும் இன்று இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் விடுதிக் காப்பாளர் அம்மையார் அவர்களே; எங்கள் பசியை எங்களுக்கு முன்பே அறிந்துகொள்ளும் சமையற்கூடத்துச் சகோதரிகளே; மாடி மாடியாகப் பெட்டி சுமந்து தோள்வலியோடு அமர்ந்திருக்கும் தந்தையரே; தலையணை உறைக்குள் துணியோடு அறிவுரையும் சேர்த்துத் திணித்து வந்திருக்கும் தாய்மார்களே; இன்று முதல் எங்களோடு ஒரே கூரையின் கீழ் உறங்கி ஒரே குழாயடியில் முகம் கழுவப் போகும் புதுமுகத் தங்கைகளே! உங்கள் அனைவருக்கும் இவ்விடுதியின் மாணவர் தலைவியாக என் வணக்கத்தை வாரி வழங்குகிறேன்.

பின்வரிசையில் என் தோழியர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார்கள். இவள் கையில் ஒலிவாங்கி சிக்கினால் சாப்பாடு ஆறிவிடும் என்பது அவர்கள் கண்ட அனுபவம். கவலை வேண்டாம் தோழியரே, சுருக்கமாகவே பேசுவேன். ஏன் சிரிக்கிறீர்கள்?

விடுதி மாணவியின் பொறுப்புகள் என்று எனக்குத் தலைப்புத் தந்தார்கள். விளக்கை அணை, குழாயை மூடு, இரவில் இரையாதே. இவையெல்லாம் வாசற்சுவரில் மாட்டியிருக்கின்றன. படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது சென்ற ஆண்டு இதே கூடத்தில், இதே நாற்காலிகளுக்கு நடுவே நடந்த செய்தி.

மூன்றாம் மாடியில் ஒரு பெண். ஆளும் சிறிது, குரலும் சிறிது. 'பொடிசு' என்றே அழைத்தோம். அப்பா பேருந்து ஓட்டுநர். அந்தக் குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகப் படியேறிய முதல் கால் அவளுடைய கால். தேர்வு நெருங்கிய வேளையில் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாகச் சுருண்டு விழுந்தாள். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மறுநாள் மேலும் சிலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மருத்துவர் கேட்டது ஒரே கேள்வி: "நீங்க எல்லாரும் எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?"

குழாய் பழுதுபார்ப்பவர் மொட்டைமாடிக்கு ஏறினார். குடிநீர்த் தொட்டிக்கு மூடி இல்லை. உள்ளே புறாக்கள் செத்து மிதந்தன. மூடி எங்கே? மாடியின் மறுகோடியில், கைப்பிடிச் சுவரோரம், நான்கு செங்கல்மேல் சொகுசாக வீற்றிருந்தது. யாரோ அதை இருக்கையாக்கியிருந்தார்கள். ஆனால் தொட்டியைக் கவனிப்பவர் என்பதால் பழி விழுந்தது பாவம், அந்தக் குழாய்க்காரர் தலையில். அவர் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தார்கள்.

அன்று மாலை காப்பாளர் எங்களை இங்கே கூட்டினார். மருத்துவமனையிலிருந்து நேராக வந்த பொடிசின் அப்பா, வேலைச் சட்டையோடு வாசலில் நின்றார். அவர் கையில் மகளின் அறைச்சாவி.

"நான் சண்டை போட வரல மேடம். பொட்டிய எடுத்துட்டுப் போக வந்தேன். உசுரு இருந்தா போதும், அவ வீட்டோட இருந்து ஏதாவது கத்துக்கிட்டுப் பொழைச்சுக்குவா" என்றார்.

ஒரு படிப்பு, ஒரு வாழ்வு, அந்தச் சாவியில் தொங்கிக்கொண்டிருந்தது.

காப்பாளர் கேட்டார்: "மூடியக் கழட்டினது யாரு?"

  எண்ணிப் பாருங்கள் தங்கைகளே. கழற்றியதைப் பார்த்த சாட்சி இல்லை. வாய் திறந்தால் விடுதியை விட்டு வெளியேற்றம். வாய் மூடினால் வழக்கு வேறொருவர் தலையோடு முடிந்துவிடும். நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்?

ஒரு நாற்காலி நகர்ந்தது. ஒருத்தி எழுந்தாள். எந்நேரமும் கைப்பேசியோடு மாடி மூலையில் நிற்பதால் அவளுக்குச் 'சிக்னல்' என்று பெயர்.

"நான்தான் மேடம். அந்த மூலையிலதான் சிக்னல் கிடைக்கும். அம்மாகிட்டப் பேசறப்ப உட்கார ஒண்ணும் இல்லைன்னு மூடிய இழுத்துட்டுப் போனேன். திரும்ப வைக்கணும்னு நினைச்சேன். நினைச்சதோட சரி." பிறகு வாசல் பக்கம் திரும்பினாள். "அப்பா, பொடிசு படுத்துக் கிடக்கறதுக்கு நான்தான் காரணம். நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

அவளுடைய அறைத்தோழி எழுந்தாள். "அவ மட்டும் இல்ல மேடம். நானும் தினம் அதுலதான் உட்கார்ந்தேன்."

இன்னொருத்தி எழுந்தாள். "தொட்டி திறந்து கிடந்தத நான் பார்த்தேன் மேடம். யாராவது மூடுவாங்கன்னு இறங்கி வந்துட்டேன்."

யாராவது! யார் அந்த யாராவது? எந்த மாடியில் குடியிருக்கிறார்? அவருக்கு அறை உண்டா, கட்டில் உண்டா, தட்டு உண்டா? இந்த விடுதியில் அப்படியொருவர் இருந்ததே இல்லை, தங்கைகளே. இருந்தவர்கள் நாங்கள். இருக்கப் போகிறவர்கள் நீங்கள்.

வரிசை வரிசையாக எழுந்தார்கள். மூடிமேல் உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள், பார்த்தும் பாராமல் போனவர்கள் எழுந்தார்கள். அந்த ஓட்டுநர் எழுந்து நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"வண்டி ஓட்டுற பொழப்பு எனக்கு. இடிச்சுட்டு நிக்காமப் போறவன நெறையப் பார்த்திருக்கேன். நிறுத்தி இறங்கி வந்தவங்கள இன்னிக்குத்தான் பார்க்கறேன். பொட்டி இங்கயே இருக்கட்டும் மேடம்." நடந்து வந்து சாவியைச் சிக்னலின் கையில் வைத்தார். "இந்தாம்மா. அவ வர்றதுக்குள்ள ரூமப் பெருக்கி வை."

அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

காப்பாளர் யாரையும் வெளியேற்றவில்லை. தொட்டியை எங்கள் பொறுப்பில் விட்டார், குழாய்க்காரரிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார். குழாய்க்காரர் சொல்லிக் கொடுக்க, கணுக்காலளவு சேற்றில் இறங்கிச் சிக்னலின் கூட்டம் தொட்டியைத் தேய்த்தது. மருத்துவமனைக் கட்டிலருகே முறைவைத்துப் பாடம் வாசித்தார்கள். பொடிசு திரும்பியபோது படியேறத் தெம்பில்லை. தரைத்தளத்துப் பெண் ஒருத்தி கேட்காமலே தன் கட்டிலைக் கொடுத்துவிட்டு மேலே குடிபோனாள்.

தேர்வு வந்தது. எழுதினாள். எல்லாப் பாடத்திலும் தேறினாள்! ஒரு பாடத்தில் தனக்கு வாசித்துக் காட்டிய சிக்னலையே முந்திவிட்டாள். "வாசிச்சது நான், மார்க்கு மட்டும் இவளுக்கா" என்று அவள் இன்றும் முறைக்கிறாள். முடிவு வந்த அன்று தாழ்வாரமெங்கும் சாப்பாட்டுத் தட்டுகள் மேளமாயின. இன்று இந்த வளாகத்தின் எல்லா விடுதிகளிலும் தொட்டிகள் மாணவர் பொறுப்பில். மற்ற விடுதிகளுக்குச் சென்று கற்றுக்கொடுத்தது யார்? கைதட்டுங்கள், அதோ வெட்கப்பட்டுத் தூணுக்குப் பின்னால் ஒளிகிறாளே, நம் சிக்னலேதான்!

தங்கைகளே, தவறே செய்யாதவர்களைத் தேடி இந்தக் கதவு திறக்கவில்லை. தவறு நேர்ந்தால் தலைநிமிர்ந்து எழுந்து, சொல்லி, சரிசெய்து, சேர்ந்து வெல்கிறவர்களுக்காகத் திறந்திருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் காய்ச்சல் என்றால் உங்கள் உறக்கம் கலையட்டும். பக்கத்து அறையில் வெற்றி என்றால் உங்கள் கதவு முதலில் திறக்கட்டும்.

பெற்றோரே, சற்று நேரத்தில் கிளம்பிவிடுவீர்கள். வெளிவாசல் வரை போய் ஒருமுறை திரும்பிப் பார்ப்பீர்கள். பாருங்கள், ஆனால் கலங்காதீர்கள். நீங்கள் விட்டுச் செல்வது ஒரு மகளை. பெற்றுச் செல்வது இந்த விடுதி நிறைய மகள்களை.

காது கொடுத்த உங்களுக்குக் கைகூப்பிய நன்றி. கண்ணுக்குக் கண்ணாய் இங்கே காப்போம் என்ற வாக்கோடு, வணக்கம்.