தொழில்முறைப் பயணம்

ஓட்டலில் தங்கும்போது காலைச் சாப்பாட்டை நான் ஒருநாளும் விட்டதில்லை. அதற்கும் சேர்த்துத்தான் வாடகை வாங்குகிறார்கள். அது தெரிந்தும் பத்து மணி வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இரக்கம் வராது. சிரிப்புதான் வரும்.

நீங்கள் சம்பளக்காரர், உங்களுக்கு இது புரிவது கஷ்டம். மாதம் பிறந்தால் வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள், நீங்களும் வாய் பேசாமல் வாங்கிக்கொள்வீர்கள். நான் சொந்தமாகத் தொழில் செய்கிறவன். கட்டடங்களைப் பார்வையிட்டு, படிக்கட்டு, லிஃப்ட், பால்கனிக் கம்பி எல்லாம் உறுதியாக இருக்கின்றன என்று சான்றிதழ் எழுதிக் கொடுப்பது என் வேலை. வேலைக்காகப் போகிற பயணத்தின் செலவை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். ஊர் சுற்றப் போனால் கழிக்க முடியாது. ஆகவே ஊர் சுற்றப் போகிற இடத்தில் ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டால் போதும். இதற்குக் கொஞ்சம் மூளை இருந்தால் போதும். அந்தக் கொஞ்சமும் முக்கால்வாசிப் பேரிடம் இல்லை.

என் மனைவியின் தம்பியிடம் சுத்தமாக இல்லை. கணக்கு வாத்தியார். இரண்டு வருடம் சேர்த்துவைத்து நான்கு நாள் எங்காவது போய்வருவான். திரும்பி வந்ததும் ஏதோ மலையைப் புரட்டியவன் மாதிரி போட்டோ காட்டுவான். ஒருமுறை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் பயணங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. குடும்பத்தோடு போனதை எப்படித் தொழில் செலவில் எழுதுகிறேன் என்று கேட்டான். உன் அக்கா என் உதவியாளர் என்றேன்.

"அப்படின்னா அக்காவுக்குச் சம்பளம் உண்டா அத்தான்?" என்றான்.

என் மனைவி சிரித்தாள். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவளுக்குப் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள். நான் கோபப்படவில்லை. ஒரு சட்டையை மூன்று நாள் போடுகிறவன் சொல்வதற்கெல்லாம் கோபப்பட்டால் கட்டுப்படியாகாது.

அந்தக் கடற்கரை ஓட்டலுக்குப் போனது அதற்கு அடுத்த மாதம். உரிமத்தைப் புதுப்பிக்க அவர்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் தேவைப்பட்டது. மேனேஜர் எதற்கெடுத்தாலும் கையைப் பிசைகிற ஆள். நான் கட்டணத்தைக் குறைத்துச் சொன்னதும் மனிதர் காலில் விழாத குறை. மூன்றாவது மாடியில் கடைசி அறையைக் கொடுத்தார். கடல் கண்ணெதிரே தெரியும்.

போன அன்று மத்தியானமே என் மனைவி ஈரத் துண்டைக் காயப்போடப் பால்கனிக்குப் போனாள்.

"என்னங்க, இந்தக் கம்பி ஆடுது," என்றாள்.

நான் போய்க் கைவைத்துப் பார்த்தேன். இரண்டு விரல்கடை அளவுக்கு வெளிப்பக்கம் போய் வந்தது. சுவரோடு பிடித்திருந்த போல்ட்டுகள் உப்புக்காற்றில் அரித்துப்போயிருந்தன. ஒன்று இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. பட்டி வைத்து அடைத்து மேலே வெள்ளை அடித்திருந்தார்கள். பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். கீழே போய், வெயில் அடிக்கிறது, வேறு அறை கொடுங்கள் என்றேன். அரைமணி நேரத்தில் தரைத்தளத்துக்கு மாறிவிட்டோம். ஒரு தகப்பன் செய்ய வேண்டியதைச் செய்தேன்.

மேனேஜரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொன்னால் அந்த ஒரு கம்பியோடு முடியாது. நாற்பது பால்கனிகளையும் நான் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டு முழு நாள் வேலை. நான் அங்கே போனது குளிக்க. தவிர, குறை எழுதுகிற ஆளை அடுத்த வருடம் யாரும் கூப்பிடமாட்டார்கள். கிளம்புகிற அன்று வரவேற்பறைச் சோபாவில் உட்கார்ந்து, எல்லாம் நல்ல நிலையில் உள்ளன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் கதவுவரை வந்து வழியனுப்பினார்.

அடுத்த வருடம் பரீட்சை விடுமுறைக்கு முன்னால் மச்சான் போன் செய்தான். அவனும் மனைவியும் கடல் பார்க்கப் போகிறார்களாம். எங்கே தங்குவது என்று அக்காவிடம் கேட்டிருக்கிறான். அவள் ஓட்டல் பெயரையும், கடல் தெரிகிற அந்த அறையையும் சொல்லியிருக்கிறாள். கம்பி விஷயத்தை நான் அப்போதே மேனேஜரிடம் சொல்லிச் சரிசெய்துவிட்டதாக அவள் நம்பிக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

"மூணாவது மாடி, கடைசி ரூம் கேட்டு வாங்கியிருக்கேன் அத்தான். நீங்க கையெழுத்துப் போட்ட கட்டடம். கண்ணை மூடிக்கிட்டுப் போகலாம்ல?"

கிண்டலா, மனதாரச் சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வேறு அறை எடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் அவன் கணக்கு வாத்தியார். ஏன் என்று கேட்பான். ஆடுகிறது என்றால், அப்போது சான்றிதழில் என்ன எழுதினீர்கள் என்று கேட்பான். கோபமாகக்கூடக் கேட்கமாட்டான். சாப்பாட்டு மேசையில் கேட்டானே, அந்தக் குரலில் கேட்பான். பிறகு அதை அக்காவிடம் சொல்வான். அவள் மறுபடி சிரிப்பாள், அல்லது சிரிக்கமாட்டாள். அந்த மாதிரி ஒருவனுக்கு நான் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டுமா?

"நல்ல ரூம்தான் மச்சான். போய்ட்டு வா," என்றேன்.

இரண்டாம் நாள் காலை, கீழே மணலில் நின்ற மனைவியைக் கூப்பிட்டுக் கையசைக்கக் கம்பியில் சாய்ந்திருக்கிறான். கம்பியும் அவனும் சேர்ந்தே விழுந்தார்கள். அவள் கண்ணெதிரே.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பதினேழாம் நாள் என் மனைவி, "நீங்க அந்த ஆள்கிட்ட சொன்னீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். அவள் எழுதிக் கொடுத்ததைப் படித்தேன். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவளை உதவியாளர் என்று எழுதியது பொய் என்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள், அந்த ஓட்டலில் ஒழுங்காகப் பரிசோதனை செய்தது அவள் ஒருத்திதான்.

எழுதிக்கொள்ளுங்கள். கம்பி ஆடுவது எனக்குத் தெரியும். அவன் போவது அந்த அறைக்குத்தான் என்பதும் தெரியும். தெரிந்துதான் போய்வரச் சொன்னேன்.

ஆனால் அந்தக் கடைசிப் பயணச் சீட்டை நீட்டி நீட்டிக் காட்டுகிறீர்களே, அதில்தான் நீங்கள் தப்புப் பண்ணுகிறீர்கள். உடலை எடுத்துவரப் போனோம், உண்மை. என் மனைவி பிணவறை வாசலில் உட்கார்ந்திருந்த நேரத்தில் நான் ஓட்டலுக்குப் போய், மூன்று மாடியும் ஏறி, மிச்சமிருந்த முப்பத்தொன்பது கம்பிகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தேன். ஆகவே அந்தப் பயணத்தை நான் தொழில் செலவில் எழுதியது முழுக்க முழுக்க நியாயம்.